நல்கை விண்ணப்ப எழுத்தருக்கான ஊதிய முறைகள்

நல்கை விண்ணப்ப எழுத்தர் என்பவர், தொண்டு நிறுவனம், பள்ளி, மருத்துவமனை போன்ற அமைப்புகளுக்காக அறக்கட்டளைகளிடமும் அரசுத் துறைகளிடமும் நிதி கேட்டு விண்ணப்பம் தயாரிப்பவர் ஆவார். அமெரிக்காவில் இது தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. இவருக்கு எந்த அடிப்படையில் ஊதியம் தரலாம் என்பது அத்தொழிலின் முதன்மையான அறநெறிக் கேள்விகளுள் ஒன்று. செய்த வேலைக்கு ஊதியம் தரலாம். கிடைத்த பணத்தில் பங்கு தரக்கூடாது என்பதே தொழில் அமைப்புகளின் நிலைப்பாடு.

ஏற்கப்படும் முறைகள்

- மாதச் சம்பளம்: எழுத்தர் நிறுவனத்தின் ஊழியராகவே பணியாற்றுவார்.
- மணிநேரக் கட்டணம்: உழைத்த நேரத்தைக் கணக்கிட்டுத் தரப்படுவது. உச்சவரம்பை முன்னரே பேசிக்கொள்வது நல்லது.
- ஒப்பந்தத் தொகை: ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என முன்கூட்டியே முடிவு செய்வது. தொடக்கம், முதல் வரைவு, நிறைவு எனத் தவணைகளாகவும் தரலாம்.
- மாதாந்திர நிலைக் கட்டணம்: மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு பணிக்கு நிலையான தொகை தருவது.

இந்த நான்கிலும் நல்கை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஊதியம் உண்டு.

விழுக்காட்டு முறை ஏன் மறுக்கப்படுகிறது

"பணம் வந்தால் அதில் 10 விழுக்காடு தருகிறோம், வராவிட்டால் எதுவும் இல்லை" என்பது கையில் பணமில்லாத சிறு அமைப்புகளுக்கு வசதியாகத் தோன்றும். ஆனால் அதில் பல சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, கொடையாளரின் நம்பிக்கை. 1,00,000 டாலர் வகுப்பறை கட்டுவதற்கென்று தரப்பட்டால், அதில் 10,000 டாலரை எழுத்தருக்குக் கொடுப்பது நிதியை வேறு வழியில் திருப்புவதாகும். விண்ணப்பத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் அப்படியொரு செலவு காட்டப்பட்டிருக்காது.

இரண்டாவது, உழைப்புக்கும் ஊதியத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. 10,000 டாலர் கேட்கும் விண்ணப்பத்துக்கும் 2,00,000 டாலர் கேட்கும் விண்ணப்பத்துக்கும் சில நேரங்களில் ஏறத்தாழ ஒரே அளவு உழைப்புத்தான் தேவைப்படும். விழுக்காட்டு முறையில் ஒன்றுக்கு 1,000 டாலரும் மற்றொன்றுக்கு 20,000 டாலரும் கிடைக்கும்.

மூன்றாவது, தவறான தூண்டுதல். தொகை பெருகினால் வருமானமும் பெருகும் என்பதால், தேவையை மிகைப்படுத்தவும் நிறுவனத்தால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதிகளை எழுதவும் மனம் இழுக்கும். அந்த வாக்குறுதிகளுக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியது நிறுவனமே.

நான்காவது, எழுத்தருக்கு நேரும் அநீதி. விண்ணப்பம் சிறப்பாக இருந்தும் நிறுவனத்தின் கணக்கு வழக்கு, போட்டியின் அளவு, கொடையாளரின் முன்னுரிமை போன்ற காரணங்களால் அது நிராகரிக்கப்படலாம். இவற்றில் எதுவும் எழுத்தரின் கையில் இல்லை.

தொழில் அமைப்புகளின் விதிகள்

1960இல் தொடங்கப்பட்ட நிதிதிரட்டும் தொழில்முறையாளர் சங்கமும், நல்கைத் தொழில்முறையாளர் சங்கமும் தத்தம் அறநெறிக் கோவைகளில் விழுக்காட்டு ஊதியத்தையும் தரகுத் தொகையையும் தடை செய்துள்ளன. இவை உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் தொழில் நெறிகள்; நாட்டின் சட்டங்கள் அல்ல. ஊக்கத்தொகைக்கு இவை இடம் தருகின்றன. எனினும் அது அந்த நிறுவனத்தின் வழக்கமான நடைமுறைக்கு உட்பட்டதாகவும், திரட்டிய பணத்தின் விழுக்காடாக அமையாததாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்க ஒன்றிய அரசின் நல்கை விதிகளிலும் இதே போக்கைக் காணலாம். விண்ணப்பம் தயாரிக்கும் செலவு, அது வென்றாலும் தோற்றாலும், பொதுவாக மறைமுகச் செலவாகக் கருதப்பட்டு நிறுவனத்தின் எல்லாப் பணிகளுக்கும் பகிர்ந்து கணக்கிடப்படுகிறது.

சிறு அமைப்புகள் செய்யக்கூடியவை

முன்பணம் இல்லாத அமைப்புக்கு இந்த நெறி கடினமானதே. தோல்வியின் இழப்பை அமைப்பே ஏற்க வேண்டியிருக்கிறது. இருப்பினும் வழிகள் உள்ளன. முழு விண்ணப்பத்தையும் எழுதச் சொல்லாமல், தாமே எழுதிய வரைவைத் திருத்தித் தர மட்டும் சில மணிநேரக் கட்டணம் கொடுக்கலாம். ஏற்கெனவே உதவிவரும் கொடையாளரிடம் இந்தச் செலவுக்கென்றே வெளிப்படையாக உதவி கேட்கலாம். எழுத்தர் விரும்பினால் தன்னார்வமாகவும் எழுதித் தரலாம். ஆனால் நல்கை வந்தபின் அதற்குப் பணம் தருவதாக மறைவாகப் பேசிக்கொண்டால், அதுவும் வெற்றியைப் பொறுத்த ஊதியமே ஆகும்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

பணியின் எல்லை, கட்டணம், தவணை நாள்கள், தகவல்களைத் தர வேண்டியவர், வரைவின் உரிமை, இரகசியம் காத்தல் ஆகியவற்றை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நல்கை கிடைக்கும் என்ற உறுதியை எழுத்தர் அளிக்கவில்லை என்பதையும், முடிவு எதுவாயினும் கட்டணம் உண்டு என்பதையும் அதில் தெளிவாகக் குறிப்பிடுவது இரு தரப்பினருக்கும் பாதுகாப்பாகும்.