விஷம் வைத்த சிப்பாய்

சிசிலியன் டிஃபென்ஸில் நஜ்டார்ஃப் முறையின் முதல் ஐந்து நகர்த்தல்களைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆறாவதாக வெள்ளை பிஷப் ஜி5-க்குப் போகிறது. கறுப்பு இ6, வெள்ளை எஃப்4. உடனே கறுப்பு ராணி பி6-இல் வந்து நிற்கிறது. சி1-இல் இருந்த பிஷப் கிளம்பிவிட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. வெள்ளையோ அதைக் கண்டுகொள்ளாமல் ராணியை டி2-இல் வைக்கிறது. எடுத்துக்கொள் என்கிறது. கறுப்பு எடுக்கிறது.

வெள்ளை யானை பி1-க்கு வந்து ராணியைத் தாக்கினால், அது தப்பிக்க ஏ3 கட்டம் மட்டுமே உண்டு. இப்போது பலகையைப் பாருங்கள். வெள்ளையின் இரண்டு குதிரைகள், ஒரு பிஷப், ராணி, யானை எல்லாம் களத்தில். கறுப்பிடம் ஒரு குதிரையும், தனியே அலையும் ராணியும்தான். ராஜா நடுவிலேயே இருக்கிறது. ஒரு சிப்பாய்க்காக ராணி மூன்று நகர்த்தல்களைச் செலவழித்துவிட்டது.

அப்படியும் கறுப்பு ஏன் துணிகிறது? பி2 சிப்பாய்தான் சி3 குதிரைக்குத் தாங்கல். அது போனதும் ஏ3-இல் நிற்கும் ராணி அந்தக் குதிரையை விடாமல் உறுத்துகிறது. இ6, டி6 சிப்பாய்கள் நடுவில் உறுதியாக நிற்கின்றன. தாக்குதல் ஓய்ந்துவிட்டால் கடைசி ஆட்டத்தில் அந்த ஒரு சிப்பாய் கறுப்பின் கையில் மிச்சம். ஆகவே இதைக் கற்பவர்கள் வரிசைகளை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், ராணி எந்த வழியாக வீடு திரும்பும் என்று ஒவ்வொரு நிலையிலும் கேட்டுப் பழக வேண்டும் என்பேன்.

1972, ரெய்க்யாவிக். உலகப் பட்டப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் ஃபிஷர் இந்தச் சிப்பாயை எடுத்தார், டிரா. பதினொன்றாவதில் மறுபடி எடுத்தார். இரண்டிலும் ஸ்பாஸ்கி யானையை விட்டுவிட்டு ஒன்பதாவதாகக் குதிரையை பி3-க்கு நகர்த்தினார். பதினொன்றாவது ஆட்டத்தின் 14-வது நகர்த்தல் இன்றும் பேசப்படுகிறது. சி3 குதிரையை அவர் பின்னால் இழுத்து, அது புறப்பட்ட பி1 கட்டத்திலேயே வைத்தார்! தாக்கும் பக்கம் காயைத் திருப்பிக் கொண்டுபோகிறதே என்று தோன்றும். ஆனால் ஏ3 ராணியின் மேல் குறி விழுந்துவிட்டது. அது பி4-க்கு நகர்ந்தது. அதன் பிறகு துரத்தியவை பெரிய காய்கள் அல்ல, சிப்பாய்கள். ஏ3 என்றதும் ராணி பி6-க்கு. சி5 என்றதும் பி5-க்கு. 24-வது நகர்த்தலில் சிப்பாய் ஏ4-க்கு ஏறியது. ராணிக்குப் போக்கிடம் இல்லை. வெள்ளையின் 31-வது நகர்த்தலோடு ஃபிஷர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் போட்டியில் ஸ்பாஸ்கியின் கடைசி வெற்றி அதுதான்.

யானையை பி1-இல் வைத்து, பத்தாவதாக இ5 தள்ளி நடுப்பலகையை உடைக்கும் கிளை இதைவிட முரட்டுத்தனமானது. அதை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.