நம் வீட்டுக்கு நாமே காவல்

முற்காலச் சிங்கப்பூரில் கிடங்குகள், வங்கிகள், கடைவீடுகள் ஆகியவற்றின் வாசலில் இரவு நேரத்தில் கயிற்றுக் கட்டில் ஒன்று போடப்பட்டிருக்கும். அதில் ஒரு காவலர் அமர்ந்திருப்பார் அல்லது படுத்திருப்பார். மக்கள் அவரை ‘ஜாகா’ என்று அழைத்தனர். ‘காவல் காத்தல்’ என்று பொருள்படும் மலாய்ச் சொல் அது. இந்த வேலையைச் செய்தவர்களுள் பலர் சீக்கியர்கள். வட இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். முதலாளி கொடுத்த சம்பளத்துக்கு ஈடாக அவர்கள் இரவெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கயிற்றுக் கட்டில்களை இன்று காண முடிவதில்லை. சிராங்கூன் சாலையின் கடைவீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் கேமராக்களும் கதவு உணரிகளும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. ஆனால் பழைய கேள்வி மாறவில்லை. காவல் காப்பதற்கு மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டுமா? அல்லது குடும்பத்தினரே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள முடியுமா?

மாதக் கட்டணம் எதற்கு?

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அலாரத்துக்கு 1853ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். கதவையோ சன்னலையோ திறந்தால் மணி ஒலிக்கும். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், நியூயார்க் நகரில் அதைப் பெரிய தொழிலாக வளர்த்தார். காலப்போக்கில், பல கட்டடங்களிலிருந்து வந்த கம்பிகள் ஒரே நிலையத்தில் இணைக்கப்பட்டன. அங்கிருந்த ஊழியர்கள், எந்தக் கட்டடத்தில் அலாரம் ஒலிக்கிறது என்பதைக் கவனித்து நடவடிக்கை எடுத்தனர்.

இன்றைய கண்காணிப்பு நிறுவனங்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் செயல்படுகின்றன. அலாரம் ஒலித்தால் ஊழியர் ஒருவர் வீட்டு உரிமையாளரைத் தொலைபேசியில் அழைப்பார். தேவைப்பட்டால் காவல்துறைக்குத் தகவல் தெரிவிப்பார். மாதக் கட்டணம் அந்த ஊழியரின் கவனத்துக்கான விலையாகும். எடுத்துக்காட்டாக, கட்டணம் மாதத்துக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுக்கு 480 வெள்ளியும் ஐந்தாண்டுகளுக்கு 2,400 வெள்ளியும் செலவாகும்.

இதனுடன் இன்னொரு கட்டணத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில நிறுவனங்கள், கேமரா எடுக்கும் காட்சிகளைத் தங்கள் கணினிகளில் சேமித்து வைப்பதற்காக மாதந்தோறும் பணம் வாங்குகின்றன. இதை மேகச் சேமிப்பு என்பர். இங்கே பணம் கொடுப்பது சேமிப்பு இடத்துக்கு மட்டுமே. அந்தக் காட்சிகளை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல், தங்கள் வீட்டை யாரோ இரவும் பகலும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிலர் நம்பிவிடுகின்றனர்.

தேவையிலிருந்து தொடங்குதல்

கட்டணம் செலுத்தாமல் வீட்டைக் காக்க விரும்புவோருக்கு மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்பவரின் முயற்சி நல்ல வழிகாட்டியாகும். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த தாதி அவர். அவரும் மின்னணுத் தொழில்நுட்பரான அவருடைய கணவர் ஆல்பர்ட்டும் வெவ்வேறு நேரங்களில் வேலைக்குச் சென்றனர். தனியாக இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால், கதவைத் திறக்காமலேயே வந்தவர் யார் என்று அறிந்துகொள்ள மேரி விரும்பினார். கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகளை அமைத்து, அவற்றின் வழியே பார்க்கும் கேமரா ஒன்றை இருவரும் வடிவமைத்தனர். வாசலில் நிற்பவரின் உருவம் அறைக்குள் இருக்கும் தொலைக்காட்சியில் தெரியும். வந்தவரிடம் பேசலாம். பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம் அல்லது உதவி கேட்டு அலாரம் எழுப்பலாம். 1966ஆம் ஆண்டில் அவர்கள் விண்ணப்பித்த காப்புரிமை 1969ஆம் ஆண்டில் கிடைத்தது.

மேரி முதலில் தம் தேவையைத் தெளிவாக வரையறுத்தார். அதன் பிறகே கருவியைத் தேடினார். சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைய முன்கதவும் தாழ்வாரத்தைப் பார்த்திருக்கும் சன்னல்களும்தான் வழிகள். அங்கே சில உணரிகளும் ஒரு கேமராவும் போதுமானவை. தரைவீட்டுக்குப் பின்கதவும் பல சன்னல்களும் இருப்பதால் கூடுதல் கருவிகள் தேவைப்படலாம். பகலில் தனியாக இருக்கும் பாட்டியை நினைத்துச் சில குடும்பங்கள் கவலைப்படுகின்றன. பள்ளி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்களா என்று அறியப் பெற்றோர் சிலர் விரும்புகின்றனர். கடன்முதலைகள் தவறான வீட்டின் கதவில் சாயத்தை ஊற்றிவிடுவார்களோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. ஒவ்வொரு கவலைக்கும் ஏற்ற கருவி வேறாகும்.

எந்த மின்னணுக் கருவியை வாங்குவதற்கும் முன்பு, உறுதியான பூட்டும் பழுதில்லாத கம்பிக் கதவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திருடன் வந்துவிட்டான் என்பதைக் கேமரா காட்டும். அவனை உள்ளே வரவிடாமல் தடுப்பது பூட்டுதான்.

கருவிகள் இயங்கும் முறை

கதவு உணரி மிக எளிய கருவி. அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. கதவில் ஒட்டப்படும் பகுதியில் காந்தம் இருக்கும். நிலையில் ஒட்டப்படும் பகுதியில், கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது காந்தத்தின் ஈர்ப்பால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். கதவு திறந்ததும் அவை பிரியும். உடனே உணரி, கம்பியில்லா முறையில் வீட்டில் உள்ள மையக் கருவிக்குச் சைகை அனுப்பும். மையக் கருவி அலாரத்தை ஒலிக்கச் செய்து, குடும்பத்தினரின் திறன்பேசிகளுக்குத் தகவல் கொடுக்கும்.

நடமாட்ட உணரி, உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை உணர்ந்து செயல்படுகிறது. சுற்றுப்புறத்தின் வெப்பத்துக்கும் மனித உடலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு குறையும்போது அதன் திறனும் குறையும். எனவே, வெப்பம் மிகுந்த சிங்கப்பூரில் அதை வெயில் நேராகப் படும் இடத்தில் பொருத்தக் கூடாது. பூனை வளர்க்கும் வீட்டில், விலங்குகளின் அசைவைப் பொருட்படுத்தாத வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய் அலாரங்கள் அடிக்கடி ஒலிக்கும். அவற்றால் சலிப்படையும் குடும்பத்தினர் நாளடைவில் அலாரத்தையே அணைத்துவிடுவார்கள்.

இக்கருவிகள் பெரும்பாலும் வைஃபை மூலமாக இணையத்தோடு இணைகின்றன. பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அது சுவர்களை ஓரளவு நன்றாக ஊடுருவிச் செல்லும். இருப்பினும், புதிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பாதுகாப்பறையின் தடித்த கான்கிரீட் சுவர்களைக் கடக்கும்போது சைகை வலுவிழந்துவிடும். இணைய ரௌட்டரை அந்த அறைக்குள் வைத்தால் வாசலில் உள்ள கேமராவின் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகலாம்.

காட்சிகளைச் சேமித்தல்

மேகச் சேமிப்புக்குக் கட்டணம் செலுத்த விரும்பாதோர், கேமராவுக்குள் செருகும் நினைவக அட்டையைப் பயன்படுத்தலாம். அட்டை எத்தனை நாள்களுக்குப் போதுமானது என்பதை எளிய கணக்கின் மூலம் அறியலாம். கேமரா ஒன்று வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் காட்சியைப் பதிவு செய்கிறது என்று கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அது வினாடிக்கு 0.25 மெகாபைட் ஆகும். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். ஆகவே, நாள் முழுவதும் பதிவு செய்தால் 21.6 கிகாபைட் இடம் தேவைப்படும். 128 கிகாபைட் அட்டை ஆறு நாள்களுக்குள் நிரம்பிவிடும். அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யுமாறு அமைத்து, நாளுக்கு இரண்டு மணி நேரப் பதிவு என்று வைத்துக்கொண்டால், அதே அட்டை எழுபது நாள்களுக்குப் போதும். அட்டை நிரம்பியதும் பழைய காட்சிகளை அழித்துவிட்டுப் புதியவற்றைப் பதிவு செய்யும் வசதி பல கேமராக்களில் உண்டு.

இந்த முறையில் ஒரு குறையும் உள்ளது. திருடன் கேமராவையே எடுத்துச் சென்றுவிட்டால் காட்சிகளும் அவனோடு போய்விடும். இதைத் தவிர்க்க, காட்சிகளை வேறோர் அறையில் மறைவாக வைத்திருக்கும் பதிவுக் கருவியில் சேமிக்கலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

லிட்டில் இந்தியாவுக்கு அருகில், ஜாலான் புசார் சாலையில் உள்ள சிம் லிம் டவர், மின்னணுப் பாகங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள கடைகளிலோ இணையத்திலோ கருவியை வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது. சந்தா கட்டாவிட்டால் எந்த வசதிகள் நின்றுபோகும்? இணையம் துண்டிக்கப்பட்டாலும் அலாரம் ஒலிக்குமா? மின்தடையின்போது மின்கலத்தில் இயங்குமா? மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதியை நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்கு வழங்கும்? இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்காத கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.

கடைசிக் கேள்வி மிகவும் முக்கியமானது. சிங்கப்பூர் வீடுகளில் பொருத்தப்பட்டிருந்த கேமராக்களின் காட்சிகளை ஊடுருவிகள் திருடி இணையத்தில் வெளியிட்டதாக 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் செய்திகள் வந்தன. வீட்டைக் காக்க வாங்கிய கருவியே அந்நியர்கள் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் சன்னலாக மாறியது. அதே மாதத்தில், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு முத்திரைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளின் பாதுகாப்பை அம்முத்திரை நான்கு நிலைகளில் காட்டுகிறது. பொதுவான மறைச்சொல் இல்லாதிருத்தல், மென்பொருள் புதுப்பிப்பு வழங்குதல் போன்ற அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றும் கருவிகள் முதல் நிலையைப் பெறும். ஊடுருவல் சோதனையில் தேறியவை நான்காம் நிலையைப் பெறும். எந்தக் கருவியை வாங்கினாலும், வலுவான மறைச்சொல்லை அமைப்பதும் இரட்டை அடையாளச் சோதனையை இயக்குவதும் பயனாளரின் கடமையாகும்.

அண்டை வீட்டாரின் உரிமை

2023ஆம் ஆண்டு மே மாதம் முதல், வீவக வீட்டுக்குள் பொருத்தப்பட்டுத் தாழ்வாரத்தை நோக்கியிருக்கும் கேமராவுக்கு முன் அனுமதி தேவையில்லை. வீட்டுக்கு வெளியே, பொதுவிடத்தில் கேமராவைப் பொருத்துவதற்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். எங்கே பொருத்தினாலும் அது அண்டை வீட்டின் கதவையோ சன்னலையோ நோக்கியிருக்கக் கூடாது. பொருத்துவதற்கு முன்பே எதிர்வீட்டாரிடம் சொல்லி, கேமராவில் தெரியும் காட்சியை அவர்களுக்குக் காட்டிவிட்டால் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கலாம்.

வீட்டுக்குள்ளும் இந்த மரியாதை தேவை. கேமரா எங்கே இருக்கிறது என்பதை இல்லப் பணிப்பெண்ணிடம் தெரிவிக்க வேண்டும். அவர் உறங்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா இருக்கக் கூடாது. தாத்தா பாட்டியின் அறையில் பொருத்துவதாக இருந்தால், அவர்களின் சம்மதத்தை முதலில் கேட்பதே முறை.

அலாரம் ஒலித்தால் யார் வருவார்?

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், சிங்கப்பூரில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்தப்படுவது கட்டாயமாகும். அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. புகையை உணர்ந்ததும் அது உரக்க ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டு யாராவது செயல்பட்டால்தான் உயிர்கள் காப்பாற்றப்படும். கட்டணமில்லாத் திருட்டு அலாரமும் அத்தகையதே. கண்காணிப்பு நிலையத்தின் ஊழியர் செய்திருக்க வேண்டிய வேலையை இங்கே குடும்பத்தினரே செய்ய வேண்டும்.

ஆகவே, கருவியைப் பொருத்திய அன்றே சிலவற்றை முடிவு செய்துகொள்வது நல்லது. எச்சரிக்கை யார் யாருடைய திறன்பேசிகளுக்கு வர வேண்டும்? தாயார் அறுவை சிகிச்சை அறையிலோ தந்தை விமானத்திலோ இருக்கும்போது எச்சரிக்கையை யார் பார்ப்பார்? எந்த அண்டை வீட்டாரை அழைக்கலாம்? கேமராவில் அந்நியர் ஒருவர் தெரிந்தால், வீட்டுக்குள் சென்று அவரை எதிர்கொள்ள முயலக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு 999 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும். பள்ளி முடிந்து தனியாக வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை கருவிகளைச் சோதித்து, மின்கலங்களைப் பார்த்து, கேமராவின் கண்ணாடியைத் துடைப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இந்தப் பொறுப்புகளை ஏற்க முடியாத குடும்பங்களும் உண்டு. அடிக்கடி வெளிநாட்டுக்குப் பயணம் செய்வோர், உதவிக்கு உறவினர் இல்லாத முதியோர் ஆகியோருக்குக் கட்டணச் சேவை பயனுள்ளதாக இருக்கலாம். மற்றக் குடும்பங்கள், தேவையை அறிந்து சில கருவிகளைத் தேர்ந்தெடுத்து, அக்கம்பக்கத்தாருடன் நல்லுறவைப் பேணினால் மாதக் கட்டணம் இல்லாமலேயே வீட்டைக் காத்துக்கொள்ளலாம். ஜாகா இரவெல்லாம் செய்த வேலையை இன்று கருவிகள் பகிர்ந்துகொள்கின்றன. அவை எழுப்பும் குரலுக்குச் செவிகொடுக்க மனிதர் ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார்.