ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் ஆயுள் உண்டு

எஞ்சின் ஆயிலை மாற்றாமல் யாரும் காரை ஓட்டுவதில்லை. சர்வீஸுக்கு விட்டதும் முதலில் நடக்கிற வேலை அதுதான். ஆனால் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களிடம் கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்படித் தனியாக ஓர் ஆயில் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "அது லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்களே" என்பார்கள். இந்த நம்பிக்கை தவறானது. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் ஓடுகிற காருக்கு ஆபத்தானதும்கூட. கியர்பாக்ஸ் ஆயிலும் கெட்டுப்போகிற பொருள்தான். எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதை கார் ஓடிய தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஓடிய விதமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு வேலை குறைவு. பற்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் அப்படியில்லை. எஞ்சின் சுழற்றும் ஒரு விசிறி ஆயிலை வீசியடிக்கிறது. அந்த வேகத்தில் எதிரே இருக்கும் இன்னொரு விசிறி சுழன்று சக்கரங்களை நகர்த்துகிறது. சிக்னலில் 'டி'யிலேயே பிரேக்கை மிதித்து நின்றாலும் எஞ்சின் அணையாமல் இருப்பது இதனால்தான். கியர் மாறுவதற்கு அதே ஆயில்தான் மெல்லிய துவாரங்கள் வழியே அழுத்தத்துடன் பாய்ந்து கிளட்ச் தட்டுகளை இறுக்குகிறது. அப்போது எழும் சூட்டை வாங்கிக்கொண்டு கூலருக்குப் போவதும் அதுவே. இவற்றைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. தட்டுகள் சட்டென்று ஒட்டினால் கார் குலுங்கும். அதிகம் வழுக்கினால் தட்டுகள் தீய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அளவான உராய்வு கிடைப்பதற்காகவே ஆயிலில் சில ரசாயனங்களைக் கலக்கிறார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயையே பயன்படுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்த பிறகு மாற்றுப் பொருள்களைத் தேடிப் போனார்கள். இப்படிச் சேர்க்கிற ரசாயனங்கள் நாளாக நாளாகத் தீர்ந்துவிடுகின்றன. கசிவு இல்லாவிட்டால் ஆயிலின் அளவு குறையாது. குணம்தான் குறைந்துகொண்டே வரும்.

சூடுதான் இதற்கு எமன். கியர்பாக்ஸ் ஆயில் பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேலை செய்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலில் பழகிய தோராயக் கணக்கு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது டார்க் கன்வர்ட்டருக்குள் உள்ள லாக்கப் கிளட்ச் இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். சூடு அதிகம் எழாது. மாலை நேரத்தில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஊர்ந்து போகிற காரில் அந்தப் பூட்டு விழவே வாய்ப்புக் குறைவு. ஆயில் கலங்கிக் கலங்கியே சூடாகும். அதைத் தணிக்கக் காற்றோட்டமும் போதாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 வளைவுகளிலோ ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறும்போதும் இதே நிலைதான். ஓனர்ஸ் மேனுவலின் பராமரிப்பு அட்டவணையைப் பார்த்தால், பெரும்பாலும் 'கடினமான சூழல்' என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். நின்று நின்று போகும் நெரிசல், கடும் வெயில், மலைப்பாதை, தூசி, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் என்று அதில் எழுதியிருப்பார்கள். சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் ஓடுகிற காருக்கு இதுதான் அன்றாடம். ஆகவே நாம் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலுக்கான கணக்கைத்தான்.

லைஃப்டைம் ஆயில் என்ற பேச்சு சரியல்ல என்பதற்கு வலுவான சாட்சி கியர்பாக்ஸ் செய்பவர்களிடமே இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. முதலான பல கார்களுக்கு ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம்தான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிறது. பி.எம்.டபிள்யூ. தன் மாடல்கள் பலவற்றில் இதற்குள் இருப்பதை ஆயுள் முழுவதற்குமான ஆயில் என்றே சொல்லிவந்தது. ஆனால் அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப்., ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. கார் விற்பவருக்குப் பராமரிப்புச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது; வாரண்டி முடிந்த பிறகு கியர்பாக்ஸ் போனால் செலவு நம்முடையது. எனவே இந்த விஷயத்தில் செய்தவர் சொல்வதையே நான் நம்புவேன். வேறு குறை இல்லாமல் ஆயிலால் மட்டுமேகூடக் கோளாறு வரலாம் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் உதாரணம். 2015 முதல் வந்த சில மாடல்களில் 8 கியர் ஆட்டோமேட்டிக், சீரான வேகத்தில் போகும்போதே அதிர்ந்தது. ஆயில் ஈரத்தை உறிஞ்சியதுதான் காரணம் என்று கண்டு, பழையதை முழுவதும் வெளியேற்றிவிட்டு வேறு ஆயில் நிரப்பும்படி அந்த நிறுவனமே டீலர்களுக்கு அறிவுறுத்தியது.

மெக்கானிக் கடைகளில் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். "ஓடுகிற கியர்பாக்ஸில் கை வைக்காதீங்க சார், லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியில் ஆயில் மாற்றினால் கியரே விழாது" என்பார்கள். அப்படி ஆன வண்டிகள் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் ஆயில் மாற்ற வேண்டும் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு எப்போது வருகிறது? ரிவர்ஸ் போட்டு இரண்டு விநாடி கழித்து வண்டி நகரும்போது, கியர் மாறுகையில் ஜெர்க் அடிக்கும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாதபோது. அதற்குள் தட்டுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்து தூளாகி ஆயிலில் மிதக்கத் தொடங்கியிருக்கும். அந்தத் தூள் தந்த பிடிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த கியர்பாக்ஸ், சுத்தமான ஆயில் வந்ததும் வழுக்கக்கூடும். தட்டு தேய்ந்த பிறகு வந்த ஆயில்மீது பழி விழுகிறது. மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்தால் ஆபத்து இன்னும் கூடும். அடியில் படிந்த கசடு பெயர்ந்து ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியின் நுண்ணிய துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளலாம். இந்த மறுப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: அறிகுறி தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, ஏற்கெனவே வழுக்குகிற கியர்பாக்ஸுக்கு ஆயிலை மருந்தாக நினைக்கக் கூடாது. அதை முதலில் விவரம் தெரிந்தவரிடம் காட்டி, தட்டுகளின் நிலை தெரிந்த பிறகே ஆயிலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்த ஆயில் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றல்ல. சிவிடி வகையில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட் உராய்வின் பிடிப்பில்தான் ஓடுகிறது. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியைக் கீறிவிடும். அதற்கென்று தனி ஆயில் உண்டு. இரட்டை கிளட்ச் வகையில், கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் ஃபோக்ஸ்வேகன் 6 கியர் டிஎஸ்ஜிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். 2014ல் செலெரியோவோடு நம் நாட்டில் பரவிய ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்குச் சாதாரண கியர் ஆயில் போதும், கிளட்ச்சை இயக்கும் ஹைட்ராலிக் ஆயில் மட்டும் தனி. "எல்லா வண்டிக்கும் இதுதான் சார்" என்று சொல்லி ஒரே பீப்பாயிலிருந்து எடுத்து ஊற்றுகிற இடத்தில் காரை விடாதீர்கள்.

மாற்றுகிற வேலையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கீழே உள்ள டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன், ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற முடியாமல் நின்ற வண்டிகள் உண்டு. வடித்தாலும் எல்லா ஆயிலும் வந்துவிடாது. டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் பெரும்பகுதி தங்கிவிடும். ஒருமுறை வடிக்கும்போது நாற்பது சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், பழைய ஆயில் அறுபது சதவீதம் மீதம். சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி வடித்தால் முப்பத்தாறு. மூன்றாம் முறை இருபத்திரண்டுக்கு வந்துவிடும். ஃப்ளஷ் மெஷின் இல்லாமலேயே இது நடக்கும். அடியிலுள்ள ஆயில் பானைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை மெல்லப் படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துண்டோ இழையோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. ஃபில்டரும் கேஸ்கட்டும் அப்போதே மாற வேண்டும். பல புதிய கார்களில் டிப்ஸ்டிக் கிடையாது. சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, வழிந்துவரும் அளவை வைத்தே சரிபார்க்க வேண்டும். அந்தச் சூடு எத்தனை டிகிரி என்பது காருக்குக் கார் மாறும். ஆயிலின் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்யச் சொல்லாதீர்கள். அளவு கூடினாலும் குறைந்தாலும் கெடுதலே.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால் கி.மீ. கணக்கே பார்க்க வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. கியர்பாக்ஸ் மூச்சுவிடும் சிறு துவாரம் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். ஆயில் வெளிறிய இளஞ்சிவப்பில் பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே, சக்கரங்கள் தரையில் உருளாதபடி வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாற்றுவதுதான் சரி.

என் கணக்கு இது. நகரத்தில் ஓடும் டார்க் கன்வர்ட்டர் காருக்கு 60,000 கி.மீ. அல்லது ஐந்து ஆண்டு, சிவிடிக்கு 50,000, ஓனர்ஸ் மேனுவல் இதைவிட முன்பே மாற்றச் சொன்னால் அது சொல்வதே சரி. செலவு சில ஆயிரங்களில் முடியும். கியர்பாக்ஸையே மாற்ற நேர்ந்தால் லட்சங்களில் போகும். மாற்றிய தேதி, ஓடிய கி.மீ., ஆயிலின் பெயர், ஊற்றிய லிட்டர் நான்கும் பில்லில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவர்கள், பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த பில்லைக் கேளுங்கள்.