அடுப்பே, உன் வயது என்ன?

பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாது, ஆண்களிடம் சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்பார்கள். அடுப்பிடம் வயதைக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஒரு சங்கடம். வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நான் சொல்லப் போகிற அடுப்போ, கூட்டிச் சொல்லும்!

மகளின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக நீங்கள் அமெரிக்கா போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை உங்களைப் பழைய சாமான் கடைக்கு அழைத்துப் போகிறார். அங்கே மூலையில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, கன்னங்கரேலென்று ஓர் இரும்பு விறகடுப்பு. மேலே ஆறு கண்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்ட மூடி. வயிற்றில் ரொட்டி சுடும் ஓவன். பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி. விளிம்பெல்லாம் நிக்கல் முலாம். '1871-ஆம் வருஷத்து அடுப்பு' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. விலையும் அந்த வயதுக்குத் தகுந்தாற்போல்தான்!

"சந்தேகமா? இதோ பாருங்கள், தேதியே வார்த்திருக்கிறது" என்று ஓவன் கதவைக் காட்டுகிறார் கடைக்காரர்.

வாஸ்தவம்தான், 1871 என்று இருக்கிறது. ஆனாலும் பணப் பையைத் திறக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அது பிறந்த தேதி அல்ல

இரும்பு அடுப்பில் காணும் தேதி பெரும்பாலும் பேட்டண்ட் கிடைத்த தேதி. காற்றுப் போகும் வழியையோ, கதவின் பூ வேலையையோ புதிதாகக் கண்டுபிடித்தவர், அந்த உரிமையை வாங்கிய நாள். மரத்தில் மாதிரி செதுக்கி, அதை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றி அடுப்பு செய்வார்கள். நன்றாக விற்கும் மாதிரியை யார் மாற்றுவார்கள்? வருஷக் கணக்காக அதே மாதிரி, அதே தேதி! ஆகவே அந்தத் தேதி சொல்வது இவ்வளவுதான்: 'இதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை.'

ஒரே அடுப்பில் இரண்டு மூன்று தேதிகள் இருப்பதும் உண்டு. சாம்பல் கதவின் உட்புறம், முதுகுத் தகடு, மூடியின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கடைசித் தேதி எதுவோ, அதையே கணக்கில் கொள்ளுங்கள். நம்முடைய அடுப்பின் சாம்பல் கதவுக்குள் 1891 என்று இருக்கிறது. ஒரே நொடியில் இருபது வயது குறைந்துவிட்டது!

எழுத்துத் தேய்ந்து, தேதி 3-ஆ 8-ஆ என்று புரியவில்லையா? அதற்கும் ஒரு யுக்தி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அமெரிக்கப் பேட்டண்ட் ஆபீஸ் செவ்வாய்க்கிழமைகளில்தான் பேட்டண்ட் வழங்கி வருகிறது. நமக்குச் செவ்வாய் ஆகாது; அவர்களுக்கு அதுதான் நல்ல நாள்! அந்த வருஷத்துக் காலண்டரைப் புரட்டி, எது செவ்வாயோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதிக்குப் பதில் பேட்டண்ட் எண் இருந்தால் இன்னும் சுலபம். 1836-இல் எண் 1 என்று புதிதாகத் தொடங்கினார்கள். 1880-ஆம் வருஷம் 2,23,211-லும், 1900-ஆம் வருஷம் 6,40,167-லும், 1920-ஆம் வருஷம் 13,26,899-லும் ஆரம்பமாகின்றன. தேதிக்குப் பதில் எண்ணைப் பொறிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது 1927-இல். இந்தப் பழைய பேட்டண்டுகளை இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு எண்ணைக் கண்டு ஏமாற வேண்டாம். '8-18' என்று இருந்தால் 1818 என்று குதித்துவிடாதீர்கள். 8 என்பது கண்ணின் அளவு; 18 என்பது ஓவனின் அளவு, அங்குலத்தில்.

கம்பெனியின் பெயரும் சாட்சி சொல்லும். உதாரணமாக, மிச்சிகன் மாகாணத்துக் கலமாஸூ அடுப்புக் கம்பெனி 1901-இல் ஆரம்பித்து 1952-இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் தாங்கிய அடுப்பு அதற்கு முன்னாலும் பிறந்திருக்க முடியாது, பின்னாலும் பிறந்திருக்க முடியாது.

அலங்காரமும் ஆடையும்

எழுத்தே இல்லாவிட்டால் என்ன செய்வது? மனிதர்களைப் போலவே, உடையைப் பார்த்துக் காலத்தைச் சொல்லலாம். படி வைத்தாற்போல் இரண்டு தட்டாக, குட்டையாக இருந்தால் 1830, 40-களின் மோஸ்தர். நிக்கல் முலாம் பரவலாக வந்தது 1870-களுக்குப் பிறகு. பூவும் கொடியுமாக உடம்பெல்லாம் சித்திர வேலை என்றால் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஓவன் கதவில் உஷ்ணமானி இருந்தால் 1900-ஐ ஒட்டியது எனலாம். வெள்ளையும் பச்சையுமாக எனாமல் பூசி, வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் 1920-களும் அதற்குப் பிறகும்.

ஓர் எச்சரிக்கை: உடைந்த கதவுக்கு வேறொரு அடுப்பின் கதவை மாட்டியிருக்கலாம். ஆகையால் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நம்முடைய அடுப்பில் நிக்கல் இருக்கிறது, சித்திர வேலை இருக்கிறது, உஷ்ணமானி இருக்கிறது, எனாமல் இல்லை. ஆக, 1900-ஐ ஒட்டிப் பிறந்தது என்று சொல்லலாம்.

முப்பது வருஷத்தில் என்ன இருக்கிறது?

விலையில் இருக்கிறது, அதை மாப்பிள்ளை பேசிக்கொள்ளட்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சரியான காலம் தெரிந்தால்தான் அந்த அடுப்பங்கரையில் நின்றவள் எப்படி வாழ்ந்தாள் என்பது தெரியும்.

1899-இல் பாஸ்டன் நகரத்தில், இல்லறக் கலை சொல்லிக்கொடுத்த பள்ளி ஒன்றில், கரியடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு நாள் கணக்கெடுத்தார்கள். 292 ராத்தல் நிலக்கரி போட வேண்டியிருந்தது. நெருப்பைக் கவனிக்க 1 மணி 48 நிமிஷம். சாம்பலை வாரிக் கொட்ட 30 நிமிஷம். இரும்பு துருப்பிடிக்காமல் கறுப்புப் பாலிஷ் தேய்க்க மட்டும் 2 மணி 9 நிமிஷம்! சமையல் இதில் சேர்த்தியில்லை, அம்மணிகளே.

விறகடுப்புக்கும் அதே கறுப்புப் பாலிஷ்தான். பின்னால் வந்த எனாமல் அடுப்புக்கு அது வேண்டாம்; ஈரத் துணியால் ஒரு துடை போதும். உஷ்ணமானி வருமுன் ஓவனுக்குள் கையை நீட்டி, எத்தனை எண்ணும் வரை சூடு தாங்குகிறது என்று பார்த்தே ரொட்டியை வைத்தார்கள். வயதைக் கண்டுபிடிக்க நாம் தேடிய அடையாளங்களில் இந்த இரண்டும் யாரோ ஒருத்தியின் கைவலி குறைந்த அடையாளங்கள்.

நம் அடுப்புக்காரிக்குப் பாதி அதிர்ஷ்டம்தான். சூடு பார்க்க உஷ்ணமானி இருந்தது. பாலிஷ் வேலை விட்டபாடில்லை. அதனால், கடையை விட்டுப் புறப்படுமுன் அந்த ஓவன் கதவின் பிடியை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். நிக்கல் தேய்ந்து இரும்பு தெரிகிற இடம் ஒன்று இருக்கும். அவள் கை பட்ட இடம் அதுதான்.