வாசற்படி தடையாக வேண்டாம்

தம்பதியரே! கைகால் விழுந்த தாயாரை மருமகள் ஒருத்தியே தூக்கி இறக்கினால் இருவருக்கும் ஆபத்து. அவர் விழலாம், இவளுக்கு இடுப்புப் பிடிக்கும். தூக்காமல் ஒரே பக்கமாகக் கிடத்தினாலோ படுக்கைப்புண் வரும்.

"பணக்காரர் வீட்டில் லிஃப்ட் இருக்கு, நமக்கு எங்கே?" என்கிறீர்களா? தாழ்ந்த படிக்குச் சாய்தளமே போதும். படி உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம் வேண்டும்: அரை அடிக்கு 6 அடி. நீளத்தைக் குறைத்தால் சக்கர நாற்காலி பின்னால் சாயும். அகலம் 4 அடி இருக்கட்டும். தளம் சொரசொரப்பாகவும், இரு ஓரமும் கரை கட்டியும், மேலே நாற்காலி நிற்கச் சமதளம் விட்டும் அமையுங்கள்.

நாற்காலிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். முடங்கியவரும் திண்ணைக் காற்று வாங்கட்டும்!