சாய்தளம் வந்துவிட்டது, உபாத்தியாயர் எங்கே?

வரி ரசீதை நம்மில் யாரும் முழுவதும் படிப்பதில்லை. மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, மடித்துப் பெட்டியில் வைத்து விடுகிறோம். ஆத்தூரைப் போன்ற நகராட்சிகளின் வீட்டு வரியில் குடிநீர், தெரு விளக்கு முதலிய இனங்களோடு "கல்வி வரி" என்ற ஓர் இனமும் நெடுங்காலமாகச் சேர்ந்து வந்திருக்கிறது. அதற்கு மூலம் 1920-ஆம் வருஷத்துச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம். பள்ளிகளுக்கென்று தனி வரி போடும் அதிகாரத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அளித்து, சர்க்காரும் தன் பங்குக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்று விதித்த சட்டம் அது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு ஊரார் பொறுப்பாளிகள் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

காமராஜர் முதல் மந்திரியாகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த நாட்களில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. நிலம், கட்டிடம், மேஜை, கரும்பலகை என்று ஜனங்கள் தாங்களே கொண்டு வந்து கொடுத்தார்கள். வரியாகக் கொடுக்கத் தயங்கும் கை, விழாவில் தாராளமாக நீள்வது நம்மவர் சுபாவம்!

ஆனால் கட்டிடத்துக்குச் சர்க்கார் கஜானா வேகமாகத் திறந்தது எப்போதெல்லாம் என்று பார்த்தால் மனம் கசக்கிறது. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் இறங்கின. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். உடனே மாநிலமெங்கும் பழுதான கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், பேராசிரியர் அன்பழகன் பெயரால், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய்க்குப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. கூரை விழுந்தால் ஊருக்கே கேட்கிறது. ஒரு குழந்தை வகுப்பறைக்குள் உட்கார்ந்தபடியே படிப்பை விட்டு நழுவிப் போனால் யார் காதில் விழும்?

2009-இல் பார்லிமெண்டு இயற்றி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. பள்ளி என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அது வரிசையாகச் சொல்கிறது. உபாத்தியாயர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும். எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டிடம் வேண்டும். ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி வேண்டும். இவற்றோடு, தடையின்றி உள்ளே வருவதற்கு வழியும் வேண்டும். இந்தக் கடைசிச் சொற்களின் பலனாகத்தான் நம் பள்ளிகளின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சாய்தளமும் இரும்புக் கைப்பிடியும் தோன்றின. சக்கர நாற்காலிக்காரக் குழந்தைக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிறு பள்ளிக்குப் போயிருந்தேன். சாய்தளம் புது வர்ணத்தோடு பளிச்சென்று இருந்தது. அந்தப் பள்ளியில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளை ஒருவன்தான். அவனுக்குக் கால்களில் ஒரு குறையுமில்லை, காது கேட்காது. இடைவேளையில் அவன் சாய்தளத்தில் சறுக்கி விளையாடிக் கொண்டிருந்தான். சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குத் தோல் உரிக்கும் அவன் தாயார் சொன்னாள்: "பள்ளிக்கூடம்னா ஓடியாந்துடறான் சார். உள்ள என்ன நடக்குதுன்னுதான் அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல." சைகை மொழி அறிந்த சிறப்பு ஆசிரியை வாரத்துக்கு ஒரு நாள் வருகிறாராம். மற்ற நாட்களில் வேறு ஊர்ப் பள்ளிகள் அவருக்காகக் காத்திருக்கின்றன. மழைக்காலத்தில் பஸ் வராவிட்டால் அந்த ஒரு நாளும் இல்லை.

அந்தப் பிள்ளைக்குச் சட்டம் எதுவும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வகுத்து, நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியைப் பாத்தியதையாக்கியது. ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர்? இந்தக் கேள்விக்கு 2009-ஆம் வருஷத்து அட்டவணையில் பதில் இல்லை. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு வழக்கில் அதைச் சுட்டிக்காட்டி, விகிதத்தை நிர்ணயிக்கும்படி உத்தரவிட்ட பிறகே, 2022 செப்டம்பரில் மத்திய சர்க்கார் அட்டவணையைத் திருத்தியது: தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர். சாய்தளத்துக்கும் உபாத்தியாயருக்கும் இடையே பதின்மூன்று வருஷம்! ஆறு வயதில் பள்ளிக்கு வந்த குழந்தை அதற்குள் மீசை முளைத்து வெளியே போயிருக்கும். விகிதம் எழுதியும் காரியம் நடக்கவில்லையென்று, அதே வழக்கில் 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் மாநிலங்களைப் பார்த்து, நிரந்தரப் பணியிடங்களை அறிவித்து நிரப்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பணியிடம் என்றால் சம்பளம். தமிழகத்துச் சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து வந்தவர்கள். அந்த ஊதியம் 2018-இல் உருவான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைச் சார்ந்தது. மத்திய சர்க்கார் 60 பங்கு, மாநிலம் 40 பங்கு என்பது ஏற்பாடு. புதிய கல்விக் கொள்கையையொட்டிய ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்ற தகராறில் 2024-25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் மத்தியப் பங்கு நின்றது. 2025 மே மாதத்தில் மாநில சர்க்கார் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கொள்கை விஷயத்தில் டில்லியும் சென்னையும் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடட்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை எந்தக் கொள்கைக்கும் கட்சிக்காரன் அல்லன். கட்டி முடித்த சுவர் அடுத்த தவணை வராவிட்டாலும் நிற்கும். உபாத்தியாயர் மாதந்தோறும் அரிசி வாங்க வேண்டும்.

செல்வச் செழிப்புள்ள தேசங்களிலும் இந்தக் கதைதான். அமெரிக்காவில் 1975-ஆம் வருஷத்துச் சட்டம், இத்தகைய பிள்ளைகளின் கல்விக்கு ஆகும் அதிகப்படிச் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை மத்திய சர்க்கார் ஏற்கும் என்று வாக்களித்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த நாற்பதை அது ஒரு வருஷமாவது எட்டியதில்லை.

நேயர்களில் குழந்தையைச் சர்க்கார் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2012-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் மாற்றுத் திறனுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் உரிய இடம் கிடைக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழுவின் வேலை. நான் பார்த்த தீர்மானப் புத்தகங்களில் சுற்றுச்சுவர் உண்டு, கழிப்பறைக் கதவு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு. சிறப்பு ஆசிரியர் வேண்டுமென்ற வரியை இரண்டே புத்தகங்களில்தான் கண்டேன். அவற்றில் ஒன்றை எழுதச் செய்தவள் அந்தக் கிழங்கு ஆலைத் தாயார். அடியில் அவளுடைய கைநாட்டு இருக்கிறது.