11 மாதக் காகிதமும் ஒரு ஏக்கர் குத்தகையும்

11 மாதம், 6 வருஷம், 12 வருஷம். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த எண்களில் ஒன்று வந்துவிடும். 12 வருஷம் ஒருத்தன் உழுதுவிட்டால் நிலம் அவனுக்குப் போய்விடும் என்பார்கள். கையெழுத்துப் போட்டால் 6 வருஷத்துக்கு அவனை எழுப்ப முடியாது என்பார்கள். 11 மாதக் காகிதம் என்றால் அதுவும் ஏதோ வலைதான் என்று தள்ளிவிடுவார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் குத்தகைதாரர் ரூபாயில் கொடுக்கிறார். சொந்தக்காரரும் கொடுக்கிறார், ஆனால் அது அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

முதலில் அளவு. 2019-ஐ ஒட்டி நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 77-வது சுற்றில், குத்தகை நிலம் சேர்ந்த சாகுபடிகள் நாடு முழுக்க 17 சதவீதத்தைச் சற்றே தாண்டின. ஆந்திரத்தில் அது 42 சதவீதத்துக்கு மேல். இந்த ஊர்கள் இருந்த பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது. நிலத்துக்கான சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றேதான். பெரும்பாலான குத்தகை இன்னும் வாய்ப்பேச்சில் ஓடுவதும் இரண்டு பக்கமும் ஒன்றேதான்.

6 வருஷம் என்பது கட்டுக்கதை இல்லை. 1956-ஆம் ஆண்டின் ஆந்திரப் பகுதிக் குத்தகைச் சட்டம் குறைந்தபட்சக் குத்தகைக் காலம் 6 ஆண்டு என்றே சொல்கிறது. குத்தகைக்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறது. பாசன நிலத்தில் மொத்த விளைச்சலில் 30 சதவீதம், மானாவாரியில் 25 சதவீதம். நிலத்தை விற்க நினைத்தால் உழுகிறவருக்கு முதலில் தெரிவித்து, அவருக்கு வாங்க விருப்பமா என்று கேட்க வேண்டும். அதேநேரம் வெளியேற்றும் வழியையும் அந்தச் சட்டமே தருகிறது. தவணை தேதி கடந்து ஒரு மாதத்துக்குள் குத்தகைப் பணம் வராவிட்டால், நிலத்தைப் பாழாக்கினால், உள்குத்தகைக்கு விட்டால், நிலம் உன்னுடையதே இல்லை என்று சொந்தக்காரரின் உரிமையையே மறுத்தால் வழக்குப் போடலாம். விசாரிப்பவர் சிறப்பு அதிகாரியாகச் செயல்படும் இளநிலை சிவில் நீதிபதி. இந்தச் சட்டத்தைப் பற்றி ஊரில் பேசும்போது முதல் பாதி மட்டுமே பேசப்படுகிறது என்பது என் வருத்தம்.

உச்சவரம்பு ரூபாயில் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் விளைச்சலும் குத்தகைத் தொகையும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆதரவு விலை மட்டும் மத்திய அரசு 2025-26-க்கு அறிவித்தது. சாதாரண ரக நெல் குவிண்டால் 2,369 ரூபாய், வேர்க்கடலை 7,263 ரூபாய்.

போர்வெல் பாசனத்தில் ஏக்கருக்கு 25 குவிண்டால் நெல் என்று வையுங்கள். ஆதரவு விலை முழுதாகக் கிடைத்தால் 59,225 ரூபாய். அதில் 30 சதவீதம் 17,767. சட்டப்படி அதற்குமேல் கேட்கக் கூடாது. மானாவாரி வேர்க்கடலை நல்ல மழை வருஷத்தில் 6 குவிண்டால் என்றால் 43,578 ரூபாய், 25 சதவீதம் 10,894. மழை ஏமாற்றிய வருஷத்தில் 2 குவிண்டால்தான் தேறியது என்றால் 14,526 ரூபாய், அதில் 25 சதவீதம் 3,631.

ஊரில் நடப்பது வேறு. ஏக்கருக்கு இவ்வளவு என்று ரொக்கமாகப் பேசி முடித்துவிடுவார்கள். 8,000 என்று வைத்தால், நல்ல வருஷத்தில் அது விளைச்சலில் 18 சதவீதம்தான். கெட்ட வருஷத்தில் அதே 8,000 விளைச்சலில் 55 சதவீதம். விதை, உழவு, களை, மருந்து எல்லாம் மீதி 6,526 ரூபாயில் அடங்க வேண்டும். அடங்காது. அந்த வருஷம்தான் பணம் நிற்கிறது, வாய்ச்சண்டை வருகிறது, அடுத்த ஆடியில் நிலம் வேறொருவர் கைக்குப் போகிறது. வெளியேற்றம் என்றால் இந்தப் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான், கோர்ட்டும் இல்லை, நோட்டீசும் இல்லை.

இப்போது 5 வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். 3 நல்ல வருஷம், 2 கெட்ட வருஷம். ரொக்கக் குத்தகையில் சொந்தக்காரருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய். 25 சதவீத வாரத்தில், அதாவது விளைச்சல் பங்கில், 22 குவிண்டாலுக்கு 39,946 ரூபாய். வித்தியாசம் 54 ரூபாய்! விளைச்சலை மாற்றினால் விடையும் மாறும், அதை மறுக்கவில்லை. ஆனால் ரொக்கம்தான் பத்திரம், வாரம் என்றால் நஷ்டம் என்ற பேச்சுக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. ரொக்கத்தில் கெட்ட வருஷத்தின் சுமை முழுக்க உழுகிறவர் தலையில். வாரத்தில் அது பங்காகிறது. சொந்தக்காரர் தூரத்தில் இருந்தால் மூட்டை எண்ணிப் பங்கு வாங்குவது கஷ்டம் என்பதும் உண்மையே. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறவர் அறுவடை அன்றைக்கு லீவு போட்டு வந்து களத்தில் நிற்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் ரொக்கமே பேசட்டும். மழை பொய்த்தால் இவ்வளவு தள்ளுபடி என்று அப்போதே எழுதிக்கொள்ளலாம்.

எழுத்து என்றதும் 12 வருஷப் பயம் எழுந்துவிடும். "எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு அவன் பேருக்கே மாத்திக்குவான்பா" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். எதிரனுபோகம் என்று 12 வருஷக் கணக்குப் பேச வேண்டுமானால், சொந்தக்காரருக்கு எதிராக, அவர் அனுமதி இல்லாமல், வெளிப்படையாக நிலத்தை வைத்திருக்க வேண்டும். குத்தகைதாரர் அனுமதியோடு உள்ளே வந்தவர். குத்தகைக் காலத்தில் அவர் சொந்தக்காரரின் உரிமையை மறுத்துப் பேசவே முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 116-வது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 122-வது பிரிவாக இருக்கிறது.

அப்படியானால் யாருக்கு ஆபத்து? காகிதமே இல்லாமல் 15 வருஷம் ஒருவரை உழவிட்டவருக்குத்தான். இவர் என் குத்தகைதாரர் என்று அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? பெட்டிக்கடையில் வாங்கிய 40 பக்க நோட்டில் 'கார்த்திகை, வரவு 4,000' என்று அவரே பென்சிலில் எழுதி வைத்திருப்பார். எதிராளியின் கையெழுத்து அதில் எங்கும் இருக்காது. பாக்கிக் குத்தகையை வசூலிக்க வழக்குப் போடும் கெடு 3 வருஷம். அதற்கும் அந்த நோட்டு போதாது. பயந்து எழுதாமல் விட்டதே பயந்த காரியத்துக்கு வழி திறந்துவிடுகிறது.

11 மாதத்துக்கு வருவோம். 2011-ல் ஆந்திர அரசு உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் கொண்டுவந்து, ஒரு வருஷக் கடன் தகுதி அட்டை கொடுத்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டுப் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் வந்தது. சொந்தக்காரரும் குத்தகைதாரரும் கிராம வருவாய் அலுவலர் (வி.ஆர்.ஓ.) முன்னிலையில் கையெழுத்துப் போட்டால், 11 மாதம் செல்லும் அட்டை ஒன்று கிடைக்கும். அதை வைத்துப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சேத நிவாரணம் கேட்கலாம், விளைந்ததைத் தன் பெயரில் விற்கலாம். நிலத்தின்மேல் இந்த அட்டை எந்த உரிமையும் தராது என்பது சட்டத்தின் அடிப்படையே. சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் அட்டை இல்லை. 11 மாதம் முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது. சொந்தக்காரர் பக்கமிருந்து பார்த்தால், 'அனுமதியோடுதான் உழுகிறேன்' என்று எதிராளி அரசு ஊழியர் கண்முன்னே கையெழுத்திட்டுத் தரும் சாட்சி இது. இதைவிடப் பலமான காகிதம் அவருக்குக் கிடைக்காது.

அட்டை இல்லாததன் விலை என்ன? இரண்டு ஏக்கர் வேர்க்கடலைக்கு 60,000 ரூபாய் முதல் போடுகிறார் என்று வைப்போம். வங்கிப் பயிர்க்கடன் 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம். ஒரு வருஷத்துக்கு 2,400 ரூபாய் வட்டி. வெளியே நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் அது மாதத்துக்கு. வருஷத்துக்கு 14,400 ஆகிவிடும். வித்தியாசம் 12,000. மேலே எடுத்துக்கொண்ட 8,000 கணக்கில் இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து மொத்தக் குத்தகையே 16,000தான். குத்தகையின் முக்கால் பங்கை வட்டிக்காரர் தனியாக எடுத்துப் போகிறார். குத்தகை பாக்கி நிற்கிறது என்று சொந்தக்காரர் கோபப்படும்போது, அந்தப் பணம் எந்தப் பக்கம் போயிற்று என்பதை இங்கே பார்க்கலாம்.

காப்பீட்டிலும் இதே கதை. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டும் பங்கு காரிப் பருவத்துக்கு 2 சதவீதம், ரபிக்கு 1.5, தோட்டப் பயிருக்கு 5. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று அரசு எடுக்கும் ஈ-பயிர் பதிவில் யார் பெயரோ அவர் கணக்குக்குத்தான் இழப்பீடு வரும். உழைத்தவர் பெயர் அங்கே இல்லையென்றால், காய்ந்த பயிர் அவருடையது, காசு வேறொருவருடையது. 2025-ல் தோத்தாபுரி மாம்பழம் கேட்பாரற்றுப் போனபோது கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. கூழ் ஆலை 8, அரசு மானியம் 4. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் 5 டன் கொடுத்திருந்தால் மானியம் மட்டும் 20,000 ரூபாய். அது யார் பாஸ்புக்கில் ஏறும் என்பது முன்கூட்டியே எழுதி முடித்திருக்க வேண்டிய விஷயம்.

சொந்தக்காரரின் பயத்தைச் சும்மா என்று தள்ளிவிடவும் கூடாது. சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கம் ஸ்ரீசிட்டி வந்தது. 262 கிலோமீட்டர் பெங்களூர் - சென்னை விரைவுச்சாலை சித்தூர் வழியாகப் போகிறது. ஏக்கர் 25 லட்சம் என்று விலை பேசும் இடத்தில் வருஷக் குத்தகை 10,000 என்றால் அது 0.4 சதவீதம். அவர் காக்க நினைப்பது அந்த 10,000-ஐ அல்ல, 25 லட்சத்தை. 0.4 சதவீதத்துக்காக யாரும் அசலைப் பணயம் வைக்க மாட்டார்கள். நில உரிமைச் சட்டம் ஒன்று வந்து, மக்கள் மிரண்டு, 2024-ல் புதிய அரசு அதை ரத்து செய்த கதையும் இன்னும் சூடு ஆறவில்லை. அரசாங்கக் காகிதம் என்றாலே கை பின்வாங்குவது புரிகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் திருத்தணி. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை அதுவும் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று அங்கே தமிழ்நாட்டின் 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 25 சதவீத நியாயக் குத்தகை, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாசில்தார் வைக்கும் குத்தகைப் பதிவேடு. அங்கே பதிவானவரை வெளியேற்றுவது லேசில்லை. சம்பந்தம், பங்காளி எல்லாம் இருபுறமும் இருப்பதால் அந்தப் பதிவேடும் இந்த 11 மாத அட்டையும் பேச்சில் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இரண்டும் வேறு மாநிலம், வேறு சட்டம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நிஜமான முடிச்சு மிஞ்சுகிறது. சொந்தக்காரர் தன் பட்டாதார் பாஸ்புக்கை வைத்து ஏற்கெனவே பயிர்க்கடன் வாங்கியிருந்தால், அதே சர்வே எண்ணுக்கு அதே பருவத்தில் இன்னொருவருக்கு வங்கி கடன் தராது. கையெழுத்துப் போடாததற்குப் பல இடங்களில் உண்மையான காரணம் இதுவே, 12 வருஷம் என்பது வாயில் வரும் காரணம். பயிரே வைக்காமல் 4 சதவீதத்தில் பணம் எடுத்து வேறு செலவுக்குப் போடுவது அவருக்கு லாபம்தான். 60,000-க்கு அவர் மிச்சம் பிடிப்பது வெளிவட்டிக்கும் வங்கி வட்டிக்கும் உள்ள அதே 12,000. அதே தொகையைத்தான் உழுகிறவர் கூடுதலாகக் கட்டுகிறார். 4 ஏக்கர் இருந்து 2 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டவர், தன் கடனைத் தான் உழுகிற சர்வே எண்களோடு நிறுத்திக்கொண்டு, விட்ட எண்களை விடுவித்துக் கொடுக்கலாம். விதைப்புக்கு முன்னால், ஜூன் மாதத்திலேயே வங்கிக் கிளையில் பேசி முடிக்க வேண்டிய வேலை அது.